மேரியின் கைக்கீறல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் என் மாமியார் வீட்டு வேர்களைத் தேடிய கதையை எழுதியிருந்தேன். இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணைக் கூலிகளாக இருந்த குடும்பம் அது. எண்பத்து நாலு வயதில் அத்தை ஒரு நாள், “எங்க அப்பா வழி ஆட்கள் எந்த ஊர் என்றே எனக்குத் தெரியாது” என்றார். தேடித் தருகிறேன் என்று நான் சொல்லி ஆறு வருடம் ஆகிறது. கட்டுரைக்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நாகர்கோவில் வாசகர்: எங்கள் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் என் கொள்ளுத்தாத்தா பெயர் இருக்கிறது. இங்கிலாந்துப் பதிவேடுகள் எவ்வளவு பழையவை? அவற்றில் என்னவெல்லாம் எழுதியிருக்கும்?

1538இல் எட்டாம் ஹென்றி ராஜாவின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு பாரிஷிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஒரு புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். அந்தப் புத்தகத்தைப் பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். பாரிஷ் என்பதை உங்கள் பக்கத்தில் பங்கு, சேகரம் என்பீர்கள். முதலில் சாதாரணக் காகிதத்தில்தான் எழுதினார்கள். எலிசபெத் ராணி காலத்தில், 1598இல், பழையதை எல்லாம் ஆட்டுத்தோலில் பிரதி எடுக்கச் சொன்னார்கள். ராணி பட்டத்துக்கு வந்த 1558இலிருந்து எடுத்தால் போதும் என்று பல ஊர்களில் அதற்கு முந்தையதை விட்டுவிட்டார்கள். அதனால் 1538இலேயே தொடங்கும் பதிவேடு மிஞ்சியிருக்கும் ஊர்கள் கொஞ்சம்தான்.

மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிறோமே மாசிக்காய், அன்னபேதி, அவை இரண்டையும் சேர்த்துத்தான் அங்கேயும் மை காய்ச்சினார்கள். எழுதிய புதிதில் கறுத்துவிடும். முந்நூறு வருடத்தில் காப்பிக் கறை நிறத்துக்கு வந்துவிடுகிறது. சில இடங்களில் மை தாளையே தின்றுவிட்டு, எழுத்தின் வடிவத்தில் ஓட்டை மட்டும் மிச்சமிருக்கிறது.

உள்ளே எழுதியிருப்பது ரொம்பக் கொஞ்சம். “ஜான், தாமஸ் மகன், ஞானஸ்நானம்”, ஒரு தேதி. பல ஊர்களில் தாய் பெயர்கூடக் கிடையாது. அடக்கப் பதிவில் வயது இருக்காது. 1754இலிருந்து கல்யாணத்துக்கு அச்சடித்த படிவம் வந்தது. மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து அதைச் சபைக்கு அறிவிக்கிறார்கள் இல்லையா? அங்கேயும் அதே வழக்கம்தான், அதற்கும் பதிவு உண்டு. ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் அச்சுப் படிவம் 1813இல்தான் வந்தது. அதற்குப் பிறகு அப்பாவின் தொழில், குடியிருக்கும் ஊர், இறந்தவரின் வயது எல்லாம் கிடைக்கும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். அது ஞானஸ்நானத் தேதி, பிறந்த தேதி அல்ல. அத்தையின் முன்னோரில் ஒரு வீட்டில் 1783 செப்டம்பரில் ஒரே நாளில் மூன்று பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம். ஒரே பிரசவத்தில் மூன்றா என்று மலைத்துப் போனேன். அந்த அக்டோபரிலிருந்து ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்னி வரி வரப்போகிறது என்று தெரிந்து, வரிக்கு முன்னால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். பெரியவனுக்கு அப்போது ஆறு வயது இருக்கும்.

கும்பகோணம் வாசகி: நாலு மாதம் தவறான ஆளைப் பிடித்துக்கொண்டு அலைந்ததாக எழுதியிருந்தீர்கள். பெயர், ஊர், வருடம் எல்லாம் பொருந்திய பிறகும் எப்படித் தவறு வரும்?

பொருந்தியதுதான் என்னை ஏமாற்றியது. அத்தையின் நேர் வழியில் தாமஸ் என்று ஒருவர். 1793இல் கல்யாணம், மனைவி பெயர் மேரி. அந்த ஊர்ப் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினால், அதே குடும்பப் பெயரில் 1768இல் ஒரு தாமஸுக்கு ஞானஸ்நானம். இருபத்தைந்து வயதில் கல்யாணம், கச்சிதமாக இருக்கிறது. வேறென்ன வேண்டும்? அவனுடைய அப்பா, தாத்தா என்று மேலே மேலே ஏறிக்கொண்டே போனேன். அத்தையிடம் பெரிய தாளில் வரைந்தும் கொடுத்துவிட்டேன். அவர் அதை மடிக்காமல் சுவரில் ஒட்டி வைத்தார்.

நாலு மாதம் கழித்து, வேறொருவரைத் தேடி அடக்கப் பக்கங்களைப் பார்த்தபோது, 1771 மார்ச்சில் ஒரு வரி: தாமஸ், இன்னார் மகன். அப்பா பெயர் அதே. நான் பிடித்த தாமஸ் மூன்று வயதுகூட நிறையாமல் போய்ச் சேர்ந்த குழந்தை. சுவரிலிருந்த தாளை நானே எடுத்தேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, “பாவம் அந்தக் குழந்தை” என்றார்.

அந்தக் காலத்தில் ஊரில் பாதிப் பேர் ஜான், வில்லியம், தாமஸ். பெண்கள் மேரி, ஆன், எலிசபெத். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் பழக்கம் அங்கேயும் இருந்தது. ஒரு ஜான் இறந்தால் அடுத்த பிள்ளைக்கும் ஜான் என்றே வைப்பார்கள். ஆகவே ஞானஸ்நானத்தைக் கண்டதும் துள்ளக் கூடாது. அந்தப் பிள்ளை பிழைத்து வளர்ந்ததா என்று அடக்கப் பக்கங்களைப் பார்க்க வேண்டும். அப்புறம் சுற்றியுள்ள ஊர்களில் அதே வயதில் இன்னொருவன் இருக்கிறானா என்று பார்க்க வேண்டும். இவன் அவனாகத்தான் இருக்க வேண்டும், வேறு யாராகவும் இருக்க முடியாது என்று காட்டும் வரை உறவு முடிவாகாது. இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். தவறான ஒருவரை மரத்தில் வைத்தால், உண்மையான ஒருவரை வெளியே தள்ளியதாகிறது.

மதுரை வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: பிரபுக்களுக்குப் பட்டயமும் உயிலும் இருக்கும். கூலிக்காரர்களுக்கு மூன்று வரிப் பதிவைத் தவிர என்ன கிடைத்துவிடும்?

ஐயா, இந்தக் கேள்விக்காகவே இந்தப் பதில்களை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

1601 சட்டப்படி ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளுக்குத் தானே படியளக்க வேண்டும். ஊரில் நிலம் உள்ளவர்களிடம் வரி வசூலித்து அதைக் கொடுப்பவருக்கு ஓவர்சியர் என்று பெயர். சரி, யார் ‘தன் ஏழை’? அதற்கு 1662இல் ஒரு சட்டம் வந்தது. பின்னால் பல திருத்தங்களும் வந்தன. கல்யாணமாகாதவன் ஓர் ஊரில் முழுசாக ஒரு வருடம் வேலைக்கு இருந்தால் அவன் அந்த ஊர்ப் பொறுப்பு. தொழில் பழகினால், பத்து பவுண்டு வாடகைக்கு இடம் எடுத்தால், இப்படிச் சில வழிகள். பெண் கல்யாணமானதும் புருஷனுடைய ஊர்ப் பொறுப்பாகிவிடுவாள், அந்த ஊரை அவள் கண்ணால் பார்த்திராவிட்டாலும். புருஷன் செத்தாலும் அதே நிலைதான்.

ஆகவே ஓர் ஏழை கையேந்தியதும் ஓவர்சியர் கேட்கும் முதல் கேள்வி, நீ எந்த ஊர்? மாஜிஸ்திரேட்டுகள் முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கி விசாரிப்பார்கள். வேறு ஊர்ப் பொறுப்பு என்று தெரிந்தால், இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் கையெழுத்துப் போட்டு அங்கே அனுப்பிவிடுவார்கள். எந்த ஊர் சோறு போடுவது என்ற இந்தச் சண்டையால்தான், எழுதப் படிக்கத் தெரியாத லட்சக்கணக்கானவர்களின் வாழ்க்கை காகிதத்தில் ஏறியது.

பொய்த் தாமஸை இழந்த பிறகு நான் நாரிச் நகரிலுள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். பதிவேடுகளை இப்போது திரையில்தான் காட்டுகிறார்கள். ஏழைச் சட்டக் காகிதங்கள் சில கட்டுகளை மட்டும் அசலாகவே மேஜைக்குக் கொண்டு வந்தார்கள். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில்தான். நாலாக மடித்து, வெளிப்பக்கத்தில் இரண்டு ஊர்ப் பெயர்கள் எழுதிய ஒரு காகிதத்தைப் பிரித்தேன். பாதி அச்சு, பாதி கையெழுத்து. 1801 ஜனவரி. தாமஸின் விதவை மேரி. அவளுடைய பிள்ளைகள் மேரிக்கு ஏழு வயது, ஜானுக்கு நாலு வயது, ஆன் பதினோரு வாரக் குழந்தை. இவர்களை இன்ன ஊரில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். அந்த ஊர் பதினாலு மைல் தள்ளி. நம் கணக்கில் இருபத்திரண்டு கிலோமீட்டர், அங்கத்து ஜனவரிக் குளிரில், திறந்த வண்டியில்.

1799, 1800 இரண்டு வருடமும் விளைச்சல் பொய்த்து, ரொட்டி விலை தாறுமாறாக ஏறியிருந்த காலம் அது. தாமஸை அடக்கம் செய்தது டிசம்பரில். புருஷனைப் புதைத்து ஐந்து வாரத்துக்குள் ஊரை விட்டு அனுப்பியிருக்கிறார்கள். அந்த நாலு வயது ஜான்தான் அத்தையின் நேர் முன்னோர்.

அதனோடு சேர்த்து அவளுடைய வாக்குமூலமும் இருந்தது. என் புருஷன் தான் பிறந்தது இன்ன ஊரில் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் இன்ன ஊரில் ஒரு பண்ணையாரிடம் மிக்கேல் திருநாள் தொடங்கி அடுத்த மிக்கேல் திருநாள் வரை ஒரு வருடம் வேலை செய்து, பேசிய சம்பளம் முழுதும் வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் வேறெங்கும் உரிமை பெற்றதாக எனக்குத் தெரியாது. குமாஸ்தா எழுதிய நடைதான். இருந்தாலும் பேசியவள் மேரி. அந்தப் பிறந்த ஊரின் பதிவேட்டைத் திறந்தபோது 1765இல் தாமஸ் இருந்தார். அந்தப் பெயரில் அங்கே குழந்தையாகச் செத்தவர் யாருமில்லை. தன் புருஷனுடைய வம்சத்தை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் மேரிதான்.

வாக்குமூலத்தின் அடியில் அவள் கீறல். நம் பழைய கடன் பத்திரங்களில் ‘இது இன்னார் கைக்கீறல்’ என்று எழுதியிருக்குமே, அதே மாதிரி மேலே ‘மேரியின் குறி’, நடுவில் ஒரு பெருக்கல் குறி. 1793 கல்யாணப் பதிவிலும் அவள் அதைத்தான் போட்டிருந்தாள். இரண்டின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் இடப்பக்கக் கோடு நீண்டு, நுனியில் பேனாவை அழுத்தியதால் மை குளம் கட்டியிருக்கிறது. கீறலை வைத்து ஆளை அடையாளம் காண்பது சாட்சியத்தில் நிற்காது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரே கைதான் என்று நம்புகிறேன்.

பதினோரு வாரக் குழந்தை ஆன், போய்ச் சேர்ந்த ஊரில் பிப்ரவரி மாத அடக்கங்களில் இருக்கிறாள். பெயருக்குப் பக்கத்தில் ‘ஏழை’ என்று ஒரு சொல். அத்தையிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

சேலம் வாசகர்: எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்குமா? எங்கே தொடங்குவது?

தொடங்குவது உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம். அவர்கள் சொன்ன பெயரையும் ஊரையும் வைத்து, 1837 ஜூலையில் தொடங்கிய அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவுகளுக்குப் போங்கள். அடுத்து மக்கள்தொகைக் கணக்கு. 1851இலிருந்து பிறந்த ஊரையே எழுதியிருப்பார்கள். 1841இல் அது இல்லை, வயதையும் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்துப் போட்டார்கள். 1851 கணக்கில் உங்கள் ஆள் கிடைத்தால், எந்த பாரிஷ் பதிவேட்டைத் திறப்பது என்று தெரிந்துவிடும்.

ஃபேமிலிசர்ச், ஃப்ரீரெக் என்ற இணையதளங்கள் இரண்டும் இலவசம். ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் சந்தா கேட்கும். இந்தத் தளங்களின் பெயர் அட்டவணையில் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். பதிவேட்டின் பக்கத்தையே படமாகப் பாருங்கள். அட்டவணை எழுதியவர் பழைய கையெழுத்தைத் தவறாகப் படித்திருக்கலாம். பழைய ‘எஸ்’ நீண்டு ‘எஃப்’ மாதிரியே இருக்கும். ‘7பெர்’ என்று இருந்தால் ஜூலை அல்ல, செப்டம்பர். லத்தீனில் செப்டம் என்றால் ஏழு. இதே கணக்கில் ‘10பெர்’ டிசம்பர்.

நீங்கள் தேடும் ஊரின் பதிவேடு கிழிந்தோ நனைந்தோ போயிருந்தால் மனம் தளர வேண்டாம். ஆண்டுதோறும் ஒரு நகல் மேலே பிஷப்புக்குப் போனது. 1994இல் நாரிச் மத்திய நூலகம் எரிந்தபோது அதன் அடித்தளத்தில்தான் மாவட்ட ஆவணங்கள் இருந்தன, அவை தப்பின. எக்ஸிட்டரில் அப்படி இல்லை. 1942 குண்டுவீச்சில் டெவன் மாவட்டத்து உயில்கள் சாம்பலாகிவிட்டன.

கோவை வாசகி: கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளை, அப்பா பெயர் இல்லாத பிள்ளை என்றெல்லாம் கிளறுவது சரியா? போனவர்களின் மானம் என்ன ஆவது?

நானும் யோசித்திருக்கிறேன். பதிவேட்டில் குருவானவர்கள் ஈவு இரக்கம் இல்லாமல்தான் எழுதியிருக்கிறார்கள். பெயர் மட்டும் போட்டால் போதாதென்று, முறைதவறிப் பிறந்தவன் என்று லத்தீனிலோ இங்கிலீஷிலோ ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். அப்பனைக் கண்டுபிடித்துப் பணம் வாங்க, கர்ப்பிணிகளை நிற்க வைத்து விசாரித்தார்கள். அந்தக் கேவலம் அப்படி எழுதியவர்களைச் சேர்ந்தது, அந்தப் பெண்களைச் சேர்ந்ததல்ல. அதை மறைத்துவிட்டு வம்சாவளி எழுதினால் அந்தப் பெண்கள் இரண்டாம் முறை தள்ளப்படுகிறார்கள். உயிரோடு இருக்கும் யாரையாவது புண்படுத்துமானால் காத்திருங்கள், அது வேறு. முந்நூறு வருடத்துக்கு முந்தையதை நான் எழுதிவிடுவேன்.

அதோடு, பழி சொல்லும் முன் தேதியைச் சரியாகப் படித்தாக வேண்டும். அத்தை வழியில் ஒரு தம்பதிக்கு 1720 மே மாதம் கல்யாணம். முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ‘1720 பிப்ரவரி 12’. கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே பிள்ளை என்றுதான் நானும் குறித்துக்கொண்டேன். ஆனால் 1752க்கு முன் இங்கிலாந்தில் வருடம் பிறந்தது ஜனவரியில் அல்ல, மார்ச் 25இல். அந்த பிப்ரவரி 1720இன் கடைசியில் வருவது, நம் கணக்கில் 1721. கல்யாணமாகி ஒன்பது மாதம்!

பெரம்பூர் வாசகர்: நாங்கள் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். பாட்டியின் தாத்தா பட்டாளத்தில் வந்தவர், சென்னையில் கல்யாணம் செய்துகொண்டவர். இங்கிலாந்தில் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. வழி உண்டா?

நிச்சயமாக உண்டு. சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலுள்ள செயின்ட் மேரீஸ் ஆலயம் 1680இல் பிரதிஷ்டை ஆனது. பின்னாளில் கோட்டையின் கவர்னரான எலிஹு யேல் அந்த நவம்பரில் அங்கே கல்யாணம் செய்துகொண்டது முதல் அதன் பதிவேட்டில் இருக்கிறது. சென்னை மாகாணத்துச் சபைகளின் ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பதிவுகளுக்கு நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பி வந்தார்கள். அவை இப்போது பிரிட்டிஷ் லைப்ரரியில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களில், ‘என்/2’ என்ற வரிசையில் இருக்கின்றன. பெரும்பகுதி ஃபைண்ட்மைபாஸ்டிலும் உண்டு.

கல்யாணப் பதிவில் அவர் பிறந்த ஊர் இருக்காது. பதவியும் ரெஜிமென்ட்டும் இருக்கும். அவைதான் உங்களுக்கு வேண்டும். ராணியின் பட்டாளம் என்றால் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘டபிள்யூஓ 97’ வரிசையைத் தேடச் சொல்லுங்கள். பென்ஷனோடு வெளியேறிய சிப்பாய்களின் தாள்கள் அவை. பிறந்த பாரிஷ், மாவட்டம், உயரம், கண்ணின் நிறம்கூட இருக்கும். கம்பெனிப் பட்டாளம் என்றால் அதுவும் பிரிட்டிஷ் லைப்ரரியிலேயே, ராணுவ ஆவணங்களில்.

வீட்டில் பழைய பைபிள் இருந்தால் அதன் முதல் பக்கத்தையும் பாருங்கள். பிறப்பு, இறப்புகளை அங்கே எழுதி வைப்பது அவர்கள் வழக்கம். ரெஜிமென்ட் எண் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். பிறந்த ஊர் நார்ஃபோக் பக்கம் என்று வந்தால் நானே போய்ப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.